பித்தளைக் கீறலை எடுக்கப் போய் முத்திரை அழிந்துவிடுமோ?

துவக்கு: 1853 மாதிரி என்ஃபீல்ட், குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் வகை. காட்சிக்கு மட்டும். இடம் கொழும்பு வெள்ளவத்தை, கடற்காற்று நேரே அடிக்கும். குதிரைக்காப்பு (விசையைச் சுற்றிய வளையம்), முன்மூடி (முன்மரத்தின் நுனி மூடி), பின்தகடு (தோளில் வைக்கும் முனைத் தகடு) மூன்றும் பித்தளை.

முன்பு யாரோ 80 ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்திருக்கிறார்கள். பின்தகட்டில் நகம் மாட்டுமளவு கீறல்.

இரண்டு கிழமையாகச் செய்தவை: பிராஸோ என்ற பித்தளை பாலிஷ் பளபளப்பு தந்தது, கீறல் அப்படியே. புளி 20 நிமிடம் ஊறியதும் செம்புத்திட்டு வந்துவிட்டது, அமிலம் மேல்பரப்பின் துத்தநாகத்தைக் கரைத்து செம்பை மட்டும் விட்டதால். பிறகு சாண்ட் பேப்பரை மரக்கட்டையில் சுற்றி 400, 600, 1000 நம்பர் என ஈரத்தில் தேய்த்தேன். முன்மூடியும் குதிரைக்காப்பும் நன்றாக வந்தன. பின்தகட்டைக் கழற்ற முடியவில்லை. ஒரு திருகாணியின் வெட்டு சிதைந்திருக்கிறது, மூன்று நாள் எண்ணெய் விட்டும் அசையவில்லை. கழற்றாமல் இன்னும் தேய்த்தால் பித்தளை மரத்தைவிடத் தாழ்ந்து விளிம்பு தெரியும். பஃபிங் சில்லு (மெருகேற்றும் சுழல் துணிச்சக்கரம்) வேண்டாம், விளிம்புகளை உருட்டிவிடும்.

மிச்சம் இரண்டு கீறல், முத்திரையான படைப்பிரிவு எழுத்துகளுக்குக் கால் அங்குலம் தள்ளி. எழுத்துகளே ஆழமில்லை, அவை போனால் துவக்கின் வரலாறே போய்விடும்.

பித்தளையைத் தேய்த்து எடுக்காமல், எண்ணெய் தொட்ட உருக்கு பர்னிஷரால் (உலோகத்தை அழுத்தி மழமழப்பாக்கும் கருவி) அழுத்தி அந்த இரண்டையும் மூட முடியுமா?