சொல் தேவை: ரத்தம் வருகிறது, குளுக்கோஸ் ஏறவில்லை

அன்புள்ள குழுவினருக்கு,

செவிலியர் கையேடு ஒன்றுக்காகத் தாக்கோட்சுபோ பற்றிய பாடத்தை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெருந்துயரமோ அதிர்ச்சியோ தாக்கியதும் இதயத்தின் நுனி உப்பிக்கொள்ளும் நோய் இது; 1990-இல் ஜப்பானியர் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கும் பானையின் பெயரை வைத்தார்கள். தமனியில் காரணமான அடைப்பு இராது. தசைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, எவ்வளவு குளுக்கோஸ் ஏறுகிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேனில் நுனிக்கு ரத்தம் ஏறக்குறைய இயல்பாகவே போகிறது, தசை மட்டும் குளுக்கோஸைக் குறைவாக எடுக்கிறது. நாட்பட்ட அடைப்பில் உறங்கிக் கிடக்கும் தசையில் கதை வேறு: ரத்தம் குறைந்தும் குளுக்கோஸ் ஏற்பு குறையாது. இதற்கு நேர் எதிரான தாக்கோட்சுபோ நிலையை ஆங்கிலத்தில் 'inverse perfusion-metabolism mismatch' என்பார்கள். அதைத் தமிழில் 'தலைகீழ்க் குருதியூட்ட வளர்சிதைமாற்றப் பொருந்தாமை' என்று எழுதினேன். எனக்கே மூச்சு வாங்குகிறது.
– மொழிபெயர்ப்பாளர், அடையாறு

'ஊட்டம்' வேண்டாம். ஊட்டினால் உண்டதாகிவிடும், வந்ததைத் தசை உண்ணவில்லை என்பதுதானே இங்கே செய்தி? 'பாய்வு' போதும். அதோடு 'தலைகீழ்' ஒட்டினால் வால்வு கசிந்து ரத்தம் பின்னோக்கிப் போவதாகப் படிப்பார்கள். 'வளர்சிதைமாற்றம்' ரொம்ப அகலம். அளப்பது ஏற்பை. இதயத்தின் முதன்மை எரிபொருளான கொழுப்பு அமிலத்தின் ஏற்பும் இந்நோயில் குறைவதால், 'ஏற்பு' என்றால் இரண்டும் அடங்கும்.
– இதயநோய் மருத்துவர், அண்ணா நகர்

மருத்துவர் ஐயா ரத்தத்தைத் தாராளமாக ஓடவிடுகிறார். குருதி என்ற தமிழ்ச்சொல் இருக்க ரத்தம் என்ற வடசொல் எதற்கு? 'குரு' நிறத்தைக் குறிக்கும் உரிச்சொல் என்று தொல்காப்பியமே சொல்கிறது. குருதி அதன் வழி வந்தது என்பது என் துணிபு. பொருந்தாமையை விட்டு 'முரண்' என்க, செய்யுளின் தொடை வகைகளிலேயே இருக்கிறது, முரண்தொடை என்று. 'இயைபின்மை'யும் அழகு. செய்யுளில் இயைபு அடியின் இறுதியில் அமையும், இந்நோயிலும் பழுது நுனியில்தான்!
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

ஐயா, நுனி உப்பாமல் நடுப்பகுதி உப்பும் வகையும் உண்டு. அங்கே இயைபை எங்கே வைப்பீர்கள்?
– இதயநோய் மருத்துவர்

'ஒவ்வாமை' எவ்வளவு எளிது!
– மென்பொருளாளர், வேளச்சேரி

அலர்ஜி மாத்திரை கொடுத்துவிடுவார்கள், தம்பி. குருதி என் மாணவிகளுக்குப் புரியும், பரீட்சையில் எழுதுவார்கள். வார்டில் நோயாளியின் மகளிடம் 'ரத்தம் போகுதும்மா, சதைதான் எடுத்துக்க மாட்டேங்குது, சில வாரத்துல பெரும்பாலும் சரியாயிடும்' என்றுதான் சொல்வோம். சொல் எதுவானாலும் அடியில் அந்த வரியையும் போடுங்கள்.
– செவிலியர் பயிற்றுநர், தாம்பரம்

சரி, 'பாய்வு–ஏற்பு நேர்மாறு முரண்'. அடியில் பயிற்றுநர் அம்மாவின் வரி. யாருக்கும் மறுப்பு இல்லையே? 'தலைகீழ்'க்கு ஈடாக வரக்கூடிய 'மறுதலை'யைத் தேற்றங்களுக்காகப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது, அதைத் தொடவில்லை.
– மொழிபெயர்ப்பாளர்

சம்மதம். இன்னொரு சுற்றுக்குத் தெம்பில்லை.
– இதயநோய் மருத்துவர்

எனக்கு மறுப்பு உண்டு. நேர்மாறு என்றாலும் மாறு, முரண் என்றாலும் மாறு. கூறியது கூறல் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று. 'குருதி'யும் காணாமல் போயிற்று. பதிவு செய்க.
– தமிழாசிரியர்