அமெரிக்காவில் கால்பந்து வேரூன்றியது எப்படி?

கோவை வாசகர்:
நம் கோவை நேரு விளையாட்டரங்கில் 2019-இல் சென்னை சிட்டி கால்பந்து அணி, இந்தியத் தொழில்முறைத் தொடரான ஐ-லீக் கோப்பையை வென்றதைக் கண்ட நமக்கு, அந்த எழுச்சி நீடிக்காதது பெரும் வருத்தமே. பேஸ்பாலும் கூடைப்பந்தும் கோலோச்சும் அமெரிக்காவில் கால்பந்து எவ்வாறு நிலைபெற்றது?

ஈரோடு வாசகர்:
1994 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையைப் பெறுவதற்காக, தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்குவதாக அந்நாடு உறுதியளித்திருந்தது. அவ்வாறு 1996-இல் 10 அணிகளுடன் தொடங்கிய எம்.எல்.எஸ். (மேஜர் லீக் சாக்கர்), 2025-இல் 30 அணிகளாக வளர்ந்தது.

திருப்பூர் வாசகர்:
ஐயா, பெண்களை மறக்கலாகாது. 1999 மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை அமெரிக்காவின் ரோஸ் பவுல் அரங்கில் 90,000 பேருக்கு மேல் கண்டார்கள்.

பொள்ளாச்சி வாசகர்:
ஊடகமும் முக்கியக் காரணம். 2013 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி. இங்கிலாந்தின் பிரீமியர் லீகை ஒளிபரப்பி, வார இறுதிக் காலைகளில் ஒரு பழக்கத்தையே உருவாக்கியது. மெஸ்ஸி எம்.எல்.எஸ். அணியான இன்டர் மயாமியில் சேர்ந்த 2023-இலேயே அந்த லீகின் ஆட்டங்கள் கட்டண இணைய ஒளிபரப்பான ஆப்பிள் டிவிக்குச் சென்றன. ஆட்டங்களைக் கட்டணத்திற்குள் அடைப்பது புதிய ரசிகர்களைத் தள்ளி நிறுத்தும் என்றே கருதுகிறேன்.