பி.காம். முடித்துவிட்டு எம்.எஸ்சி. புள்ளியியல்: எங்கே தடுக்கும்?

மல்லிகைப்பந்தல்:
பி.காம். கடைசி வருஷம். பிளஸ் டூவில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்தேன். காலேஜில் கணக்கு என்று பார்த்தால் இரண்டே தாள்: பிசினஸ் மேத்ஸ், பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ். எம்.எஸ்சி. ஸ்டாடிஸ்டிக்ஸ் சேரணும். ஐஐடி எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாமில் நல்ல ரேங்க் எடுத்தால் டிகிரி என்னன்னு பார்க்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. உண்மையா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

திட்டவிலக்கம்:
பாதி உண்மை. ஜாம் தேர்வை எந்த டிகிரி வைத்தும் எழுதலாம். சீட் கேட்கும்போதுதான் டிகிரியைப் புரட்டுவார்கள். ரிசல்ட் வந்தபின் சேர்க்கைக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். ஒவ்வொரு ஐஐடியும் ஒவ்வொரு படிப்புக்கும் தகுதி அட்டவணை வைத்திருக்கிறது. புள்ளியியலுக்கு நேரே பெரும்பாலும் டிகிரியில் கணிதமோ புள்ளியியலோ இத்தனை வருஷம் அல்லது செமஸ்டர் இருக்க வேண்டும் என்றிருக்கும். அது இல்லையென்றால் ரேங்க் கையில் இருந்தும் கழித்துவிடுவார்கள். ஜாம் மார்க் அந்த ஒரு வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும், பத்திரப்படுத்தி அடுத்த வருஷம் காட்ட முடியாது.

அதனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் மார்க் ஷீட்டைத் திறங்க. அந்த இரண்டு தாளின் சிலபஸையும் பிடிஎஃப்பாக இணைத்து, "இவை கணிதம் அல்லது புள்ளியியல் பாடமாகக் கணக்கில் வருமா" என்று துறை அலுவலகத்துக்கு மெயில் போடுங்க. போனில் கேட்டு வாங்கும் "ஆமா, வரும்" சேர்க்கை நாளன்று உதவாது. என் கணிப்பு: பெரும்பாலான இடங்களில் வராது. பி.காம். புள்ளியியல் தாளில் சராசரி, ஒட்டுறவு, குறியீட்டெண், காலத்தொடர் இவற்றோடு கதை முடிந்துவிடும்.

வரவில்லை என்றால் இன்னொரு டிகிரிதான் வழி. 2022-லிருந்து யுஜிசி ஒரே சமயத்தில் இரண்டு டிகிரி படிக்க விடுகிறது. தொலைநிலையில் பி.எஸ்சி. கணிதம் மூன்று வருஷம். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயன்ஸும் உண்டு. அதில் ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டத்தின் எட்டுப் பாடங்களில் இரண்டு கணிதம், இரண்டு புள்ளியியல். ஆனால் ஃபவுண்டேஷன் சான்றிதழ் டிகிரி ஆகாது, அதோடு நிறுத்திவிட்டுத் தகுதி கேட்காதீங்க. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடங்களின் சான்றிதழும் அப்படித்தான். விண்ணப்பத்துக்குப் பலம் தருமே தவிர, தகுதிக் குறையை அடைக்காது.

பேயஸ்_திண்ணை:
தகுதி விஷயம் அண்ணன் சொன்னபடிதான். நான் பாடத்தைச் சொல்றேன். ஜாமில் புள்ளியியலுக்கான எம்எஸ் (மேத்தமடிக்கல் ஸ்டாடிஸ்டிக்ஸ்) தாளில் 60 கேள்வி, 100 மார்க், மூன்று மணி நேரம். முதல் 30 கேள்விக்கு மட்டும் மைனஸ் உண்டு: ஒரு மார்க்குக்கு 1/3, இரண்டு மார்க்குக்கு 2/3. பல விடை சரியாக இருக்கும் பத்துக் கேள்வியில் மைனஸ் இல்லை, ஆனால் ஒரு விடை விட்டுப்போனாலும் பூஜ்யம். மீதி 20-க்கும் எண்ணை நாமே டைப் அடிக்கணும்.

பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்தைத் தூசி தட்டுங்க. தொகை நுண்கணிதம், சமவாய்ப்பு மாறி, நிகழ்தகவு பரவல் எல்லாம் அதிலேயே இருக்கு. அதில் இல்லாததுதான் காமர்ஸ்காரங்களைக் கவிழ்க்கும்: இரட்டைத் தொகையீடு.

இதைப் போட்டுப் பாருங்க. 0 < எக்ஸ் < ஒய் < 1 என்ற பகுதியில் நிகழ்தகவு அடர்த்தி 2. எக்ஸும் ஒய்யும் சேர்ந்து 1-க்குக் குறைவாக இருக்க நிகழ்தகவு என்ன? ஒய்யின் எல்லையை 0 முதல் 1−எக்ஸ் வரை என்று போட்டால் விடை 1 வரும். நிச்சயம் நடக்கும் என்று அர்த்தம், அப்பவே சந்தேகம் வரணும். ஒய் எப்பவும் எக்ஸுக்கு மேலேதான். ஆக ஒய்யின் எல்லை எக்ஸ் முதல் 1−எக்ஸ் வரை, எக்ஸின் எல்லை 0 முதல் 1/2 வரை. விடை 1/2. முதலில் முக்கோணத்தைத் தாளில் வரைந்துவிட்டால் இந்தத் தப்பே வராது. இது மாதிரி ஐம்பது கணக்கு கைக்கு வராமல் மதிப்பீடு, கருதுகோள் சோதனைப் பக்கம் போகாதீங்க. அங்கே சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி ஓட்டலாம்னு தோணும், நாலாவது கேள்வியில் மாட்டிக்குவீங்க.

மல்லிகைப்பந்தல்:
மெயில் இன்னைக்கே போடறேன் அண்ணா. வெளிநாடு போனால் இந்தத் தகுதித் தொல்லை இல்லையா?

திட்டவிலக்கம்:
தொல்லை வேறு உருவத்தில் வரும். அமெரிக்காவில் எந்த டிகிரி என்பதைவிட பல மாறி நுண்கணிதம் வரை படித்தீர்களா, நேரியல் இயற்கணிதம் உண்டா, கிரேடு என்ன என்றுதான் பார்ப்பார்கள். அதோடு நம் மூன்று வருஷ டிகிரியை ஏற்காத பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன, கட்டணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். மூன்றையும் காமர்ஸ் பேராசிரியர்களிடமே வாங்கினால் உங்கள் கணக்குக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. நோக்க அறிக்கையில் "சிறுவயதிலிருந்தே எண்கள் மீது ஆர்வம்" வேண்டாம். எந்தப் பாடத்தை எங்கே படித்தீர்கள், என்ன மார்க், இன்னும் எது பாக்கி, அதை எந்த மாதத்துக்குள் முடிப்பீர்கள் என்று எழுதுங்கள்.

பேயஸ்_திண்ணை:
ஒரு கொசுறு. பி.காம். கையில் இருக்கும்போது ஆக்சுவரி (காப்பீடு, பென்ஷன் ரிஸ்க்கைக் கணக்கிடும் வேலை) பக்கமும் எட்டிப் பாருங்க. அதற்கான ஏசெட் நுழைவுத் தேர்வுக்குப் பிளஸ் டூ போதும். உள்ளே வரும் சிஎஸ்1 தாள் முழுக்கப் புள்ளியியல், ஆர் மென்பொருளில் கணக்குப் போடும் பகுதியும் உண்டு.