ஓப்ளிக், வெர்ட்டிகல் வான்படங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

லண்டன் சவுத் கென்சிங்டன் பகுதியை விமானத்திலிருந்து எடுத்த பழைய வான்படங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதிவருகிறேன். 'ஓப்ளிக்', 'வெர்ட்டிகல்' என்ற இரண்டு சொற்களில் வந்து நின்றுவிட்டேன். கேமராவைச் சாய்த்து எடுத்தது ஓப்ளிக், நேர்கீழே பார்த்து எடுத்தது வெர்ட்டிகல். "சாய்வு வான்படம், செங்குத்து வான்படம் என்றே வைத்துவிடலாமே" என்று நம் குழுவில் ஐயா நேற்று எழுதியிருந்தார். சாய்வில் எனக்குச் சிக்கல் இல்லை. செங்குத்துதான் உறுத்துகிறது. இலங்கை வழக்கான நிலைக்குத்தும் அப்படியே.

1919இல் தொடங்கிய ஏரோஃபிலிம்ஸ் நிறுவனத்தின் பழைய படங்களில் பெரும்பாலானவை ஓப்ளிக். விமானத்தின் பக்கவாட்டில் கேமராவைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடித் தகட்டில் எடுத்தவை. அப்படி எடுத்தால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இரட்டைக் கோபுரங்கள் எழுந்து நிற்கும். ராயல் ஆல்பர்ட் ஹாலின் குவிமாடம் திரட்சியாகத் தெரியும். அதற்குப் பின்னால் கென்சிங்டன் தோட்டமும் ஹைட் பூங்காவும் விரிந்து கிடக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் ராயல் விமானப்படை நில அளவைக்காக எடுத்த வெர்ட்டிகல் படங்கள் வேறு மாதிரி. கேமரா நேர்கீழே பார்க்கிறது. ஆல்பர்ட் ஹால் ஒரு நீள்வட்டம். கோபுரம் படத்தின் நடுவில் விழுந்தால் ஒரு புள்ளி, பக்கத்தில் அதன் நிழல், அவ்வளவுதான்.

ஆக, கட்டடம் செங்குத்தாக நிற்பது தெரிகிற படம் ஓப்ளிக். அது தெரியாத படத்துக்குப் போய் 'செங்குத்து' என்று பேர் வைக்கிறோம். படிக்கிற பிள்ளைகள் மாற்றித்தான் புரிந்துகொள்வார்கள்.

மாற்றிப் புரிந்துகொண்டால் வேலையே கெடும். சவுத் கென்சிங்டனில் இருந்த இம்பீரியல் இன்ஸ்டிட்யூட் 1893இல் திறந்த பெரிய கட்டடம். பிற்பாடு அதை இடித்துவிட்டார்கள், 87 மீட்டர் உயரமுள்ள குயின்ஸ் டவர் மட்டும் மிச்சம். அதன் முகப்பைக் காண ஓப்ளிக் படம் வேண்டும். அது எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது என்று இன்றைய வரைபடத்தில் பொருத்திப் பார்க்க வெர்ட்டிகல் வேண்டும்.

என் பரிந்துரை, நாம் ஏற்கெனவே வெயிலுக்குச் சொல்வதுதான். சூரியன் தலைக்கு நேரே நின்றால் உச்சி வெயில். இறங்கினால் பொழுது சாய்ந்துவிட்டது என்கிறோம். கேமராவும் அந்த இரண்டு இடங்களில்தான் நிற்கிறது. அதனால் முதலில் உச்சிப்படம், சாய்படம் என்று யோசித்தேன். சாய்படம் வினைத்தொகை, நாவுக்கும் இதமாக இருக்கிறது.

ஆனால் உச்சிப்படம் என்றால் நண்பகலில் எடுத்தது என்று ஒருவர் நினைக்கக்கூடும். தொல்லியலாளர்கள் வேண்டுமென்றே காலையிலோ மாலையிலோ எடுப்பார்கள். வெயில் தாழ்ந்திருந்தால்தான் பூங்காப் புல்வெளியில் தேய்ந்துபோன பழைய வரப்பும் பாதையும் நிழல் விழுந்து தெரியும். அந்தக் குழப்பம் கூடாது. எனவே 'பார்வை'யைச் சேர்த்துவிடலாம்: உச்சிப்பார்வைப் படம், சாய்பார்வைப் படம். கொஞ்சம் நீளம்தான். முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

ஓப்ளிக்கிலேயே 'ஹை', 'லோ' என்று இரண்டு உண்டு. அதை உயர், தாழ் என்று பெயர்த்துவிட வேண்டாம். விமானம் பறந்த உயரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. படத்தில் அடிவானம் தெரிந்தால் ஹை, தெரியாவிட்டால் லோ. அடிவானச் சாய்பார்வை, அடிவானமில்லாச் சாய்பார்வை என்றால் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

ஐயாவும் மற்றவர்களும் ஒரு சொல் சொல்லுங்கள். இன்னொன்றும் தேவைப்படுகிறது: ஏறத்தாழ 60 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுத்தடுத்து எடுத்து, முப்பரிமாணமாகப் பார்க்கிற இரண்டு படங்களுக்கு இணைப்படம் எனலாமா, இரட்டைப்படம் எனலாமா?

அன்புடன்.