தீவுக்கு ரோடும் கிணறும் போட்டா துப்பாக்கி அடங்குமா? மலை வேலை தெரிஞ்சவங்க எழுதுங்க

குன்னூர்க்காரன்:
2002 ஜனவரியில் பலிகாதான் கூட்டுப்பயிற்சிங்கற பேர்ல சுமார் 1,300 அமெரிக்கப் படையினர் தென் பிலிப்பைன்ஸுக்குப் போனாங்க. அபு சயாஃப்ங்கற ஆயுதக் கும்பல் அப்போ பாசிலன் தீவுக் காட்டுக்குள்ள பிணைக்கைதிகளோட இருந்துச்சு. அந்த நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டுப் படை நேரடியாச் சண்டையில் இறங்க முடியாது. அதனால பிலிப்பைன்ஸ் ராணுவத்துக்குப் பயிற்சி குடுத்தாங்க. ஏப்ரல்ல கடற்படை இன்ஜினீயர்களைக் கொண்டுவந்து ரோடு போட்டாங்க, கிணறு தோண்டினாங்க. பாசிலன்னா ரப்பர், தென்னை, மேடு பள்ளம், ஓயாத மழை. பந்தலூரை எடுத்துக் கடல் நடுவுல வச்ச மாதிரி. அந்த வருஷக் கடைசிக்குள்ள கும்பல்ல பெரும்பகுதி தீவை விட்டு ஓடிருச்சு.

ரோடு, தண்ணி, காலனி வேலை தெரிஞ்சவங்க நீலகிரியில நிறைய இருக்கீங்க. இந்த மாதிரி ஊர்ல எந்த வேலை நிக்கும், எது சொதப்பும்னு எழுதுங்க. சொந்தக்கதை வேண்டாம். அளவு, முறை, காரணம் இருந்தாப் போதும்.

கூடலூர் ரோலர்:
மலை ரோட்டுக்கு எதிரி லாரி இல்லைங்க, தண்ணி. தாரு எத்தனை இன்ச்னு எல்லாரும் கேப்பாங்க, ஹியூம் பைப் எத்தனை மில்லின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. குறுக்கே போடற பைப் 900 மி.மீ.க்குக் கீழ போகக்கூடாது. செலவு மிச்சம்னு 450 போட்டா முதல் மழையிலயே உண்ணிச்செடி, கற்பூர மர மட்டை, மண்ணு எல்லாம் சேர்ந்து வாயை அடைச்சிரும். 900 இருந்தாத்தான் ஒரு ஆளு மம்முட்டியோட உள்ள குனிஞ்சு வாரி எடுக்க முடியும். அடைச்ச பைப்ல என்ன நடக்கும்? சைடு வாய்க்கால் ரொம்பி ரோட்டுக்குக் குறுக்கே பாயும், பள்ளத்துப் பக்கக் கரையை அரிக்கும், தடுப்புச் சுவருக்கு அடியில புகுந்து சுவரோட சேர்த்து இழுத்துட்டுப் போகும். 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. கொட்டினப்போ இந்த மாவட்டம் என்ன ஆச்சுன்னு சொல்லத் தேவையில்ல.

கல்லு கட்டின தடுப்புச் சுவர்ல தண்ணி வடியற ஓட்டை விடணும், பின்னாடி சல்லி ரொப்பணும். அதை விட்டுட்டு மண்ணையே தள்ளி மூடினா, ஈர மண்ணு சுவரைத் தள்ளிரும்.

இப்போ தீவு விஷயம். ஜேசிபி ரெண்டு நாள்ல வெட்டிட்டுப் போயிரும். ஊர்க்காரன் வேடிக்கை பார்ப்பான், அவன் கைக்கு அஞ்சு பைசா வராது. வெட்டறதை மிஷின் பண்ணட்டும். கல்லு உடைக்கறது, சுவர், வாய்க்கால், காடு வெட்டறது இதெல்லாம் ஊருக்கு விடணும். சனிக்கிழமை சாயந்தரம் மஸ்டர் ரோலை (வேலைக்கு வந்தவங்க பேர்ப்பட்டியல்) சத்தமா வாசிச்சு, பேர் சொல்லிக் கூலி குடுக்கணும். ரெண்டு வாரக் கூலியை மேஸ்திரி நிறுத்தி வச்சா, காட்டுக்குள்ள ஆள் சேர்க்கறவனுக்கு வேலை சுலபமாயிரும். வாய்க்கால் வார ஊர்லயே ஒரு ஆளுக்கு மாசச் சம்பளமும் போடணும். அதை எஸ்டிமேட்ல யாரும் போடறதில்ல.

ஓடைத்தண்ணி, கோத்தகிரி:
அண்ணா சொன்னதுக்கு மேல ரோட்டைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. நான் தண்ணி.

ஊற்றை அளக்கறது மார்ச், ஏப்ரல்ல. மழைக்காலத்துல அளந்தா எல்லா ஊற்றும் ஆறுதான். 20 லிட்டர் பக்கெட் ரொம்ப 40 விநாடி ஆச்சுன்னா விநாடிக்கு அரை லிட்டர், நாளைக்கு 43,200 லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர்னா 785 பேருக்குத் தாங்கும். குழாய் 6 கிலோ அழுத்தம் தாங்கற ஹெச்டிபிஇ (பிளாஸ்டிக்) போட்டா 60 மீட்டர் இறக்கம் வரைக்கும்தான் அதோட பலம். 50 மீட்டருக்கு ஒரு தடவை அழுத்தம் உடைக்கற தொட்டி வைக்கறது நல்லது. மேடு ஏறி இறங்கற இடத்துல, உச்சியில காத்து வால்வு, பள்ளத்துல கழிவு வால்வு. காத்து வால்வு இல்லாட்டி உச்சியில காத்து அடைச்சு நிக்கும். தொட்டி நிறைய தண்ணி இருக்கும், கடைசி வீட்ல சொட்டு வராது. ஊருக்குள்ள சண்டை அங்க ஆரம்பிக்கும். மேல் தெருக்காரன் வால்வைத் திருகிட்டான்னு கீழ் தெரு சொல்லும், நிஜத்துல திருடினது காத்து. மூணு அடி ஆழத்துல புதைக்கணும். இங்க யானை மிதிக்கும், காட்டுப்பன்னி தோண்டும். அங்க அதெல்லாம் இல்லாட்டியும் வெயில்ல சூடேறிக் குழாயோட பலம் குறையும்.

வால்வுச் சாவி யார் கையில இருக்குங்கறதுதான் பாதி வேலை. காண்ட்ராக்டர் கையில இருந்தாலும் தப்பு, தலைவர் வீட்டு ஆணியில தொங்கினாலும் தப்பு. ரெண்டு தெருவுக்கும் பொதுவான ஒருத்தர்கிட்ட இருக்கணும், திறக்கற நேரத்தைத் தொட்டி சுவத்துலயே எழுதி வைக்கணும்.

கணக்கு:
ரோடு போட்டதும் கும்பல் ஓடியது என்று முடித்துவிட வேண்டாம். 2002இல் விரட்டப்பட்டவர்கள் பக்கத்துத் தீவுகளான ஜோலோவுக்கும் மின்டனாவோவுக்கும் போனார்கள். 2007 ஜூலையில் அதே பாசிலனில் அல்-பர்கா பக்கம் 14 கடற்படை வீரர்கள் கொல்லப்பட்டார்கள். 2018 ஜூலையில் அந்தத் தீவின் லமிட்டான் நகரில் வேன் குண்டு வெடித்தது.

இன்னும் முக்கியமான ஒன்று. 2003இல் உலக வங்கிக் கடனில் கலாஹி-சிட்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. தேர்ந்தெடுத்த ஏழை மாகாணங்கள் ஒவ்வொன்றிலும் மிக ஏழ்மையான கால்வாசி நகராட்சிகளுக்கு மட்டும். ஒரு பரங்காய்க்கு 3 லட்சம் பெசோ வீதம் தொகை. (பரங்காய் என்றால் அங்கே ஊராட்சி, குழம்பில் போடுவது அல்ல.) 20 பரங்காய் இருந்தால் 60 லட்சம். ஊருக்கு 3 லட்சம் என்று சமமாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. ஊர்க்கூட்டம் வேலையைத் தேர்ந்தெடுக்கும், பிறகு எல்லா ஊர்ப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து எதற்குப் பணம் என்று வரிசைப்படுத்துவார்கள். ரோடு, குடிநீர், பள்ளிக்கூடம்.

கால்வாசிக் கோட்டுக்குச் சற்று உள்ளே விழுந்த நகராட்சிகளையும் சற்று வெளியே நின்றவற்றையும் ஒப்பிட்டு 2014இல் வந்த ஆய்வு, திட்டம் கிடைத்த இடங்களில் மோதல் சாவு கூடியது என்று காட்டியது. அதிலும் மண் வெட்டத் தொடங்கும் முன், கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த மாதங்களில்தான். காரணம் எளிது. வேலை முடிந்து ஊர் அரசின் பக்கம் சாய்ந்தால் கிளர்ச்சிக்காரர்களுக்கு நஷ்டம், அதனால் முடியும் முன்பே கெடுக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் மாவோயிஸ்ட்களான புதிய மக்கள் படை. எங்கே எந்த வேலை வரும் என்று மாதக்கணக்கில் அறிவித்துவிட்டுச் சும்மா இருப்பது அவர்களுக்குத் தேதி குறித்துக் கொடுப்பது போல.

கூடலூர் ரோலர்:
அப்போ வேலையே வேண்டாங்கறீங்களா சார்?

கணக்கு:
அப்படிச் சொல்லவில்லை. அதே ஆய்வாளர்கள் அங்குள்ள பன்டாவிட் உதவித்தொகையையும் பார்த்தார்கள். நம் மகளிர் உரிமைத்தொகை மாதிரி வீட்டுக்கே போகும் பணம். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், உடம்புக்குச் சரியாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் கூடுதல். அதில் மோதல் குறைந்தது. ஒரு பாலத்தைக் கொளுத்தலாம், கூட்டத்தைக் கலைக்கலாம், ஆயிரம் வீட்டுக்குத் தனித்தனியாகப் போகும் பணத்தை மறிப்பது கஷ்டம். ரோடுதான் வேண்டும் என்றால் அறிவிப்புக்கும் முதல் மண்வெட்டிக்கும் இடையே உள்ள நாளைச் சுருக்குங்கள். ஒரே 10 கி.மீ.யாகக் காட்டாமல், ஒரு கோடையில் முடியும் துண்டுகளாகப் போடுங்கள்.

ஓடைத்தண்ணி, கோத்தகிரி:
துண்டுன்னா ஒவ்வொரு துண்டும் தனியாப் பயன்படணும் அண்ணா. ஊருக்கும் சந்தைக்கும் நடுவுல இருக்கற ஓடைப்பாலம் முதல்ல. அது இல்லாம ரெண்டு பக்கமும் தாரு போட்டுட்டுப் போனா மழைக்கு ஒண்ணும் நடக்காது.

மண்டபம் டு ஊட்டி:
கடல் பக்கம் தெரிஞ்ச ஆள், இப்போ மலையில இருக்கேன். ரெண்டு விஷயம்.

சூலு, தாவி-தாவி பக்கம் சின்னப் பவளத்தீவுகள்ல ஜனங்களோட பிழைப்பு கப்பாபைகஸ்ங்கற கடல்பாசி. மண்டபத்துல பொம்பளைங்க குழுவா வளக்கறதும் இதேதான். 12க்கு 12 அடி மூங்கில் தெப்பம், 60 கிலோ விதைப்பாசி, 45 நாள்ல 200 கிலோவுக்கு மேல. ஆனா அது ஈரப்பாசி. காய்ஞ்சா ஏழுல ஒரு பங்குதான் மிஞ்சும். மணல்ல போட்டுக் காய வச்சா மண்ணு ஒட்டி விலை இறங்கிரும். அந்த ஊருக்குப் பெரிய துறைமுகம் தேவையில்ல. தரையிலிருந்து இடுப்பு உயரத்துல வலை போட்ட காய்ச்சல் மேடையும், மழைக்கு இழுத்து மூடத் தார்ப்பாயும், வத்தக்கடல்லயும் படகு அணையற ஒரு சின்னத் துறையும் இருந்தாப் போதும். துறை இல்லாட்டி வியாபாரி சொல்றதுதான் விலை, கடன் குடுக்கறதும் அவரே. துப்பாக்கிக்காரன் வசூல் பண்றதும் அந்த வழியிலதான்.

ரெண்டாவது, அந்தத் துறையைக் கட்டறப்போ கடல் மணலும் பவளக்கல்லும் கலந்தா கம்பி துருப்பிடிச்சு வீங்கி கான்கிரீட் பிளந்துரும். திறப்பு விழாப் பலகை மட்டும் நிக்கும். ஆத்து மணல் படகுல வரணும், கலக்கறதுக்கு நல்ல தண்ணி வேணும், கம்பிக்கு மேல 75 மி.மீ. கான்கிரீட் மூடணும். செலவு கூடும், தெரியும்.

குன்னூர்க்காரன்:
ஜோலோவுல ஏன் பாசிலன் மாதிரி நடக்கல?

கணக்கு:
1906 மார்ச்சில் ஜோலோவின் புட் தாஹோ எரிமலை வாயில் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கான மோரோக்களை (அப்பகுதி முஸ்லிம்களை) கொன்றது, பெண்களும் குழந்தைகளும் உட்பட. அது அங்கே மறக்கவில்லை; 2003இல் அங்கே அமெரிக்கப் படை அனுப்பப் பேச்சு வந்ததும் எதிர்ப்பு கிளம்பித் திட்டம் நின்றுபோனது. பிறகு போனபோது மருத்துவ முகாம், கிணறு, ரோடு என்று பிலிப்பைன்ஸ் ராணுவத்தை முன்னால் விட்டார்கள். பலகையில் யார் பெயர் இருக்கிறது என்பதை அந்த ஊர் படிக்கும். 2019 ஜனவரியில் ஜோலோ பேராலயத்தில் குண்டு வெடித்ததையும் சேர்த்தே கணக்கில் வையுங்கள்.

ஓடைத்தண்ணி, கோத்தகிரி:
சின்னத் தீவுக் கிணத்தைப் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. பவளத்தீவுல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதக்கற ஒரு தட்டு. கடல் மட்டத்துக்கு மேல நிலத்தடி நீர் ஒரு மீட்டர்னா, கீழ சுமார் 40 மீட்டர். இத்தனை இருக்கேன்னு ஆழ்துளை போட்டு மோட்டார் வச்சா, உறிஞ்சற இடத்துக்கு அடியிலிருந்து உப்பு கூம்பா மேல ஏறும், அந்தக் கிணறு பல மாசத்துக்கு மீளாது. ஆழம் குறைச்சலா, அகலமா வெட்டணும். கைப்பம்பு போடணும். இல்ல படுக்கைவாட்டுல ஓட்டைக் குழாய் பதிச்சு மெதுவா எடுக்கணும். சுத்துச்சுவர் முக்கியம், கழிப்பறை தள்ளி. உப்பைக் காட்டற குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி. தாண்டினா எடுக்கறதைக் குறைக்கணும். பெட்டி டெஸ்ட் கிட் ஒண்ணு அந்த ஊர் டீச்சர்கிட்ட குடுத்து, கோடை முழுக்க வாரம் ஒருக்கா எழுதச் சொல்லணும். அமாவாசை பௌர்ணமிக்கு அலை ஏறற நாள்லயும் ஒரு தடவை.