ஓடுபாதைக்குப் போகும் வழியில் விமானத்தை நிறுத்தியது ஏன்?

களியக்காவிளைக்காரன்:
சென்ற மாதம் திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜாவுக்குச் செல்ல வேண்டிய விமானம் ஏற்கெனவே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். ஒருவழியாக நகர்ந்த பிறகு, ஓடுபாதையை எட்டுமுன், அதற்கு இட்டுச்செல்லும் டாக்ஸிவேயிலேயே நின்றுவிட்டது. காற்றின் திசை மாறியதால் ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து கிளம்ப வேண்டியிருக்கிறது என்றும், அதற்கான கணக்குகளைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதாகவும் கேப்டன் அறிவித்தார். பத்து நிமிடம் ஆயிற்று. மறுநாள் காலை வேலைக்குச் சேர வேண்டியவர்கள் கொதித்துப்போனார்கள், நானும் முணுமுணுத்தேன். உள்ளே இரண்டு பைலட்கள் இருக்கும்போது, ஒருவர் ஓட்ட மற்றவர் கணக்குப் பார்க்கக் கூடாதா?

கல்பாத்தி (ஓய்வுபெற்ற பைலட்):
கூடும் தம்பி, செய்பவர்களும் உண்டு. ஆனால் ஒருவர் தலைகுனிந்து எண்களைத் தட்டும்போது வெளியே பார்ப்பவர் ஒருவர்தான். அவராலும் அந்த எண்களைச் சரிபார்க்க முடியாது. 2009 மார்ச்சில் மெல்போர்னில் விமானத்தின் எடை 362.9 டன் என்பதற்குப் பதிலாக 262.9 என்று பதிவாகி, அதை யாரும் கவனிக்காததால், 257 பயணிகளுடன் கிளம்பிய பெரிய விமானம் வாலைத் தரையில் உரசி, ஓடுபாதையைத் தாண்டித்தான் மேலெழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

அவசரத்தில் பைலட் எதையும் வேண்டுமென்றே விடுவதில்லை. பாதியில் நிறுத்திய வேலையை முடித்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில், ஒரு வெப்ப உணரிக் கோளாறுக்காக நிறுத்துமிடத்துக்குத் திரும்பிய விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக மீண்டும் புறப்பட்டது. எஞ்சின்களை இயக்கிய பின் படிக்கும் செக்லிஸ்டில் ஃப்ளாப் (மேலெழும்ப உதவ இறக்கையின் பின்புறம் நீட்டப்படும் பகுதி) என்ற இடம் வந்த நேரத்தில், நகர்வதற்கு அனுமதி கேட்கும்படி கேப்டன் துணை விமானியிடம் சொன்னார். அந்த வரி அப்படியே விடுபட்டது, ஃப்ளாப்பும் நீட்டப்படவில்லை. பின்னர் வந்த சரிபார்ப்பிலும் கண் பார்க்காததை வாய் சொல்லிவிட்டது. எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. 154 பேர் இறந்தார்கள். பிழை நடந்தது தரையில், வெளிப்பட்டது ஓடுபாதையின் முடிவில். ஆகவேதான், செக்லிஸ்ட் நடுவில் தடைபட்டால் அதை முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்குமாறு இளையவர்களிடம் சொல்வேன். உங்கள் கேப்டன் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கணக்குப் பார்த்ததும் அந்த வகைதான்.

ரேணிகுண்டா ராம்ப்:
தரையில் நிற்கும் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும் புஷ்பேக் முடிந்ததும், அந்த நேரத்தில் பைலட்டின் திருப்பும் விசை முன்சக்கரத்தில் வேலை செய்யாதபடி செருகிய, சிவப்பு நாடா கட்டிய ஊசியை (பின்) எடுத்து, கேப்டன் கண்ணில் படும்படி உயர்த்திக் காட்டி, அவர் கையசைத்த பிறகே எங்கள் வேலை முடியும். தாமதமான நாட்களில் நாங்கள் ஒதுங்குவதற்குள் எஞ்சின் இரைச்சல் கூடுவதைக் கேட்டிருக்கிறேன். வராத பயணியின் பெட்டியைக் கடைசி நேரத்தில் இறக்கினால் எடைக் கணக்கும் மாறும் என்பதை, வாசலில் நின்று கத்துபவர்கள் யோசிப்பதில்லை.

களியக்காவிளைக்காரன்:
நன்றி ஐயா. டெனெரிஃப் விபத்திலும் அவசரம்தான் காரணமா? 2017 செப்டம்பரில் கொச்சியில் ஒரு விமானத்தின் முன்சக்கரம் வடிகாலில் இறங்கியதே, அதுவும் இந்த ரகமா?

கல்பாத்தி:
1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் ஓடுபாதையிலேயே இரண்டு விமானங்கள் மோதி 583 பேரைப் பலிகொண்ட விபத்தில் பனிமூட்டம், வானொலியில் சரியாகக் கேட்காத சொற்கள் எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றின் டச்சுக் கேப்டனின் குழுவுக்குப் பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது என்பதும், அவர் அனுமதி கிடைக்கும் முன்பே ஓட்டத்தைத் தொடங்கினார் என்பதும் உண்மை. கொச்சியை இதில் சேர்க்காதீர்கள். அது தரையிறங்கிய விமானம், நள்ளிரவு கடந்த இருட்டிலும் கொட்டும் மழையிலும் திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே திரும்பிவிட்டது.