ஆர்மோனியத்தில் ஒரு சுரம் நிற்கவே மாட்டேனென்கிறது

மயிலாடுதுறையில் எங்கள் கவிதை, இசைக் குழுவின் ஆர்மோனியம்: 39 கட்டை, இரட்டை ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு). ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, துருத்தியை அசைத்தாலே நடு ஸ்தாயியின் நாலரைக் கட்டைச் சுரம் (F#) கட்டையை அழுத்தாமலே தானாக ஒலிக்கிறது. கவிதை வாசிப்பவர் விடும் மௌனத்தில்கூட அது முனகுவதுதான் பெரிய இடைஞ்சல்.

மேல்பலகையைக் கழற்றித் தூசி துடைத்தோம். அந்தக் கட்டையின் ஸ்பிரிங்கை வளைத்து இறுக்கினோம். இரண்டு நாள் சரியாக இருந்து, பழையபடி ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டைகளுக்கிடையே தாள் செருகிப் பார்த்தோம், உரசல் இல்லை. அந்தச் சுரத்துக்குக் காற்று போகும் துளையை மூடும் மரப்பட்டையை விரலால் அழுத்தினால் ஒலி நிற்கிறது. ஆகவே காற்று அங்கேதான் கசிகிறது. ரீடைத் தொடவில்லை, சுருதி கலைந்துவிடும்.

டிசம்பர் 11, பாரதி பிறந்தநாளுக்கு நூலகத்தில் நிகழ்ச்சி. பட்டையின் அடித்தோலை மட்டும் மாற்றினால் போதுமா, ஈரத்தில் நெளிந்த பட்டையையே மாற்ற வேண்டுமா?